150 இடத்துக்கு அனுப்பியும் போன் வரவில்லை: ஒரு மெக்கானிக்கல் தம்பிக்கு

தம்பி, உங்கள் நிலைமையை முதலில் ஒருமுறை சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், படிக்கிற மற்றவர்களுக்கும் புரியட்டும். மெக்கானிக்கல் முடித்து 2023இல் வெளியே வந்தீர்கள். கோவையில் ஒரு சின்ன சிஎன்சி (கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டு மெஷின்) யூனிட்டில் 14 மாதம் குவாலிட்டி இன்ஸ்பெக்டர். அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போகவே வேலையை விட்டு அருப்புக்கோட்டைக்கு வந்து 9 மாதம் ஆகிறது. இப்போது அப்பா தேறிவிட்டார். சென்னையோ ஓசூரோ, எங்கே என்றாலும் போகத் தயார். 150 இடத்துக்கு மேல் விண்ணப்பித்தும் வந்தது 2 போன்தான், அதில் ஒன்று பணம் கேட்ட கன்சல்டன்சி. ரெஸ்யூமில் என்ன கோளாறு, வேலையை எங்கே தேடுவது என்று கேட்கிறீர்கள்.

நான் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் ஆட்டோ உதிரிபாகத் தொழிற்சாலைகளில் 18 வருடம் தரப் பிரிவில் இருந்தவன். கடைசி 8 வருடம் ஆள் எடுக்கும் பேனலிலும் உட்கார்ந்தேன். ஹெச்ஆர் ஆள் இல்லை. அதனால் நான் சொல்வது ஷாப் ஃப்ளோர் பக்கத்திலிருந்து பார்க்கிற பார்வை. சாஃப்ட்வேர் வேலை தேடுகிறவர்களுக்கு இதில் பாதி பொருந்தாது.

நீங்கள் அனுப்பிய ரெஸ்யூமைப் படித்தேன். கோபித்துக்கொள்ளாதீர்கள், நான் பேனலில் இருந்த காலத்தில் இது என் கைக்கு வந்திருந்தால் உங்களைக் கூப்பிட்டிருக்க மாட்டேன். உங்களுக்கு வேலை தெரியாது என்று நினைத்து அல்ல. வேலை தெரியும் என்பதற்கு அந்த 2 பக்கத்தில் ஒரு தடயமும் இல்லை.

ஒரு ரெஸ்யூம் எப்படிப் படிக்கப்படுகிறது என்று சொல்கிறேன். ஹெச்ஆர் 60, 70 ரெஸ்யூமை ஒரு ஃபோல்டரில் போட்டு அனுப்புவார். காலை புரொடக்‌ஷன் மீட்டிங் முடிந்து, கஸ்டமர் கம்ப்ளெய்ன்ட் போன் வருவதற்கு முன்னால் கிடைக்கிற அரை மணி நேரத்தில் அதைத் திறப்பேன். ஒன்றுக்கு அரை நிமிடம் கிடைத்தால் அதிகம். அந்த அரை நிமிடத்தில் நான் தேடுவது இவ்வளவுதான்: என்ன பாகம் பார்த்திருக்கிறான், என்ன மெஷின், கையில் எந்தக் கருவி பிடித்திருக்கிறான், இப்போது எங்கே இருக்கிறான், எப்போது வருவான். திங்கட்கிழமை ஷிஃப்டில் நிறுத்தினால் நிற்பானா என்பதுதான் உள்ளே ஓடுகிற கேள்வி.

உங்கள் முதல் பக்கத்தில் மேலே 4 வரிக்கு "கேரியர் அப்ஜெக்டிவ்" இருக்கிறது. சவாலான சூழலில் என் திறமைகளை வளர்த்து நிறுவனத்தின் வளர்ச்சிக்குப் பாடுபடுவேன் என்கிற ரகம். இதை நான் ஆயிரம் முறை பார்த்திருப்பேன். யாரும் சவாலில்லாத சூழல் வேண்டும் என்று எழுதியதில்லை. அதற்குக் கீழே பத்தாவது, பன்னிரண்டாவது, டிகிரி மதிப்பெண் அட்டவணை. அதற்கும் கீழே, ஆள் கண்ணை எடுத்துவிட்ட இடத்தில், "தர ஆய்வுக்குப் பொறுப்பாக இருந்தேன்" என்று ஒரே வரியில் 14 மாத உழைப்பு. இரண்டாம் பக்கம் முழுக்க அப்பா பெயர், மதம், திருமண நிலை, பொழுதுபோக்கு, கடைசியில் மேற்சொன்னவை யாவும் உண்மை என்ற உறுதிமொழி.

இது உங்கள் ரெஸ்யூம் இல்லை, நெட் சென்டர் ரெஸ்யூம். ஒரே ஃபைலில் பெயரை மட்டும் மாற்றி மாற்றி ஊரே பிரின்ட் எடுக்கிறது. ஒருமுறை ஒரு பையனின் ரெஸ்யூமில் மேலே ஒரு பெயரும் உறுதிமொழிக்குக் கீழே வேறொருவர் பெயரும் இருந்தன. அவன் அதைக் கவனிக்கவே இல்லை. குவாலிட்டி வேலைக்கு வந்தவன்! நாங்கள் சிரித்துவிட்டு அடுத்ததுக்குப் போய்விட்டோம். அவன் நல்ல பையனாகக்கூட இருந்திருக்கலாம், இன்றைக்கு நினைத்தால் கொஞ்சம் உறுத்துகிறது.

சரி, என்ன எழுதுவது? "நான் பெரிதாக எதுவும் செய்யவில்லை அண்ணா, சும்மா அளந்து பார்த்து ரிப்போர்ட் எழுதினேன்" என்று மெயிலில் சொல்லியிருக்கிறீர்கள். எல்லோரும் இதையேதான் சொல்கிறார்கள். சில வருடம் முன்னால் ஒரு வாக்-இன்னில் நடந்ததைச் சொல்கிறேன். உங்களை மாதிரியே ஒரு பையன், ரெஸ்யூமில் ஒரே வரி. கூட்டம் குறைவாக இருந்ததால் பேசிப் பார்த்தேன்.

"அங்கே என்னப்பா பார்த்தே?"

"இன்ஸ்பெக்‌ஷன் சார்."

"என்ன பார்ட்?"

"பம்ப் ஷாஃப்ட் சார். எஸ்எஸ் 410."

"ஒரு ஷிஃப்டுக்கு எத்தனை வரும்?"

"2 டர்னிங் சென்டர் சார். சேர்த்து 350 வரும்."

"பேரிங் உட்கார்ற இடத்துல என்ன சைஸ்?"

"25 ஸ்மால் ஹெச்7 சார். 25.000 மில்லிமீட்டர்ல இருந்து 24.979 வரைக்கும்."

"வெர்னியர் வச்சா பார்த்தே?"

பையன் சிரித்துவிட்டான். "வெர்னியர் லீஸ்ட் கவுண்ட்டே 0.02 சார், டாலரன்ஸ் மொத்தமே 21 மைக்ரான். அதுல எப்படிப் பார்க்கிறது? டிஜிட்டல் மைக்ரோமீட்டர் இருந்துச்சு, மைக்ரான் காட்டும்."

டாலரன்ஸ் என்றால் அளவில் அனுமதிக்கும் வித்தியாசம், மைக்ரான் என்றால் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அந்த இடத்திலேயே எனக்கு ஆள் பிடித்துவிட்டது. இன்னும் கொஞ்சம் கிண்டினேன். 40, 50 பீஸ் ஓடியதும் இன்சர்ட் (வெட்டும் முனை) தேய்ந்து சைஸ் ஏறும், ஆபரேட்டர் கவனிக்காவிட்டால் ஷிஃப்டுக்கு 12, 13 ஷாஃப்ட் ரீவொர்க்குக்கு (திரும்பச் சரிசெய்ய) போகும் என்றான். இவன் 50 பீசுக்கு ஒரு தடவை ஆஃப்செட் (தேய்மானத்துக்கு ஏற்ப மெஷினில் மாற்றும் அளவு) பார்க்க வேண்டும் என்று மெஷின் பக்கத்தில் ஒரு போர்டு மாட்டி, ஆபரேட்டரை அதில் டிக் அடிக்க வைத்திருக்கிறான். ரீவொர்க் 3, 4க்கு இறங்கியிருக்கிறது. "இதை ஏம்ப்பா எழுதலே?" என்றால், "இதெல்லாம் எழுதணுமா சார்?" என்றான்.

இதைத்தான் எழுத வேண்டும், வேறு எதையும் அல்ல. அவனுடைய ஒரு வரி இப்போது 3 வரியாகும்: 2 சிஎன்சி டர்னிங் சென்டரில் ஷிஃப்டுக்கு 350 பம்ப் ஷாஃப்ட்டுக்கு ஃபர்ஸ்ட் ஆஃப் (முதல் பீஸ்), இன்-பிராசஸ் (ஓட்டத்தின் நடுவே) ஆய்வு. 25 ஹெச்7 பேரிங் சீட் உட்பட, டிஜிட்டல் மைக்ரோமீட்டர், ஹைட் கேஜ், டயல் கேஜ் கொண்டு. 50 பீசுக்கு ஒருமுறை ஆஃப்செட் சரிபார்க்கும் முறையைக் கொண்டுவந்து ரீவொர்க்கை ஷிஃப்டுக்கு 12இலிருந்து 4ஆகக் குறைத்தது. ஆங்கிலத்தில் எழுதும்போதும் இதே மாதிரி வினைச்சொல்லில் தொடங்குங்கள், "ரெஸ்பான்சிபிள் ஃபார்" என்று ஆரம்பிக்காதீர்கள்.

நீங்களும் ஒரு பழைய நோட்டை எடுத்துக்கொண்டு உட்காருங்கள். என்ன பாகம், என்ன மெட்டீரியல், எந்தக் கம்பெனிக்குப் போகிற பாகம் (வாடிக்கையாளர் பெயரை ரெஸ்யூமில் போடாமல் "பம்ப் தயாரிப்பாளர்" என்று எழுதினால் போதும்), எந்த மெஷின், கன்ட்ரோல் ஃபானக்கா சீமென்ஸா, எந்த அளவு அடிக்கடி தகராறு செய்தது, அதற்கு என்ன செய்தீர்கள், ஆடிட் வந்ததா, அப்போது எந்த ஃபைலை நீங்கள் எடுத்துக் கொடுத்தீர்கள். முதல் நாள் ஒன்றும் தோன்றாது. கூட வேலை பார்த்தவனுக்குப் போன் போட்டு அரை மணி நேரம் பேசுங்கள், எல்லாம் ஞாபகம் வந்துவிடும். எண் சரியாகத் தெரியாவிட்டால் "சுமார்" என்று போடுங்கள். கூட்டிப் போடாதீர்கள். 12 எப்படி 4 ஆனது என்று நேரில் கேட்பார்கள், அப்போது கதை கையில் இருக்க வேண்டும்.

வாய்ப்புள்ளவர்கள் இன்னும் ஒன்று செய்யலாம். பெரிய ஆட்டோ சப்ளையர்கள் எல்லாம் ஐஏடிஎஃப் 16949 என்ற ஆட்டோ துறைத் தரச் சான்று வைத்திருப்பவர்கள். அங்கே குவாலிட்டி ஆளிடம் கோர் டூல்ஸ் என்று 5 விஷயம் கேட்பார்கள்: ஏபிக்யூபி (புதுப் பாகத்துக்குத் தரத் திட்டமிடல்), பிபிஏபி (பாகத்துக்கு வாடிக்கையாளர் ஒப்புதல்), எஃப்எம்இஏ (எங்கே தவறலாம் என்ற ஆய்வு), எஸ்பிசி (புள்ளிவிவர முறையில் கட்டுப்பாடு), எம்எஸ்ஏ (அளவிடும் முறை ஆய்வு). சின்ன யூனிட்டில் இருந்தவருக்கு இதில் பலவும் கையில் பட்டிருக்காது. ஐந்தையும் "தெரியும்" என்று ஸ்கில்ஸில் அடுக்காதீர்கள். எம்எஸ்ஏ ஒன்றை எடுத்து ஒழுங்காகப் படியுங்கள். ஒரே பாகத்தை 2 பேர் அளந்தால் ஏன் 2 அளவு வருகிறது என்பதுதான் அதன் அடிப்படை. அதை நீங்கள் ஷாப் ஃப்ளோரில் ஏற்கெனவே பார்த்திருப்பீர்கள், பெயர்தான் தெரிந்திருக்காது.

அப்புறம் வடிவம். இதில் நிறைய பேர் நேரத்தை வீணாக்குகிறார்கள், நான் வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 14 மாத அனுபவத்துக்கு ஒரு பக்கம் தாராளம். மேலே பெயர், போன், மெயில், ஊர், "உடனே சேரலாம்" என்ற ஒரு வரி. அடுத்து வேலை அனுபவம். அடுத்து கருவிகள், மெஷின்கள், மென்பொருள். கடைசியில் படிப்பு. அப்பா பெயர், மதம், பொழுதுபோக்கு, உறுதிமொழி எதுவும் வேண்டாம், சேரும்போது கொடுக்கிற படிவத்தில் அதெல்லாம் கேட்டுக்கொள்வார்கள். பக்கத்தை இரண்டு நெடுவரிசையாகப் பிரித்து, கலர் பட்டை போட்டு, திறமைக்கு 5 நட்சத்திரத்தில் 4 கொடுத்துக்கொள்கிற டிசைன்களைத் தொடாதீர்கள். பெரிய கம்பெனிகளில் ரெஸ்யூமை முதலில் மென்பொருள்தான் படிக்கிறது. டெக்ஸ்ட் பாக்ஸ், அட்டவணை, ஹெட்டர் பகுதி இவற்றில் இருப்பதை அது பல நேரம் தாறுமாறாக எடுத்துக்கொள்ளும், சில சமயம் எடுத்துக்கொள்ளவே செய்யாது. போன் நம்பரை ஹெட்டரில் போட்டு அது காணாமல் போனால் யார் உங்களைக் கூப்பிடுவது? வேர்டில் அடித்து பிடிஎஃப் ஆக்குங்கள். ஃபைல் பெயரை உங்கள் பெயர், குவாலிட்டி, ஊர் என்று வையுங்கள். உங்கள் ஃபைல் "ரெஸ்யூம் நியூ ஃபைனல் 3" என்று வந்தது. என்னிடமே அந்தப் பெயரில் இன்னும் 4 ஃபைல் கிடக்கிறது.

நம்ம ஊருக்கே உரிய ஒரு சிக்கல், பெயர். மார்க் ஷீட்டில் இனிஷியல் முன்னால், ஆதாரில் பின்னால், பான் கார்டில் அப்பா பெயர் முழுசாக விரிந்து. ரெஸ்யூமில் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ளபடியே போடுங்கள். ஆதார், பான், வங்கிக் கணக்கு மூன்றும் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்று இப்போதே பாருங்கள். ஆஃபர் வந்த பிறகு பிஎஃப் கணக்கில் பெயர் பொருந்தவில்லை என்று ஜாயினிங் 10 நாள் தள்ளிப்போனவர்களைப் பார்த்திருக்கிறேன்.

9 மாத இடைவெளியை நினைத்து ரொம்பக் கவலைப்படுகிறீர்கள் போலிருக்கிறது. மறைப்பதற்காக வேலையை விட்ட மாதத்தையே எடுத்துவிட்டு வருடம் மட்டும் போட்டிருக்கிறீர்கள். அதுதான் சந்தேகத்தைக் கிளப்பும். மாதத்தோடு போட்டு, "குடும்ப மருத்துவக் காரணம், இப்போது தீர்ந்துவிட்டது" என்று ஒரு வரி எழுதுங்கள். நேரில் கேட்டாலும் 2 வாக்கியத்துக்கு மேல் போகவேண்டாம். எங்களுக்கும் அப்பா அம்மா இருக்கிறார்கள், யாரும் இதற்காக ஆளை ஒதுக்குவதில்லை. மறுபடி பாதியில் ஊருக்குப் போய்விடுவானா என்பதுதான் பயம். "இப்போது தீர்ந்துவிட்டது" என்ற இரண்டு சொல் அதற்காகத்தான்.

இனி தேடுகிற வழி. நௌக்ரி வேலைத் தளத்தில் 150 விண்ணப்பம் போட்டேன் என்கிறீர்கள். அங்கே விண்ணப்பிப்பதைவிட, தேடப்படும்போது கண்ணில் படுவது முக்கியம். ஆள் தேடுகிறவர் ஊர், அனுபவம், எத்தனை நாளில் சேருவார், கடைசியாக எப்போது கணக்கில் நடமாடினார் என்று வடிகட்டித்தான் பார்க்கிறார். உங்கள் கணக்கில் ஊர் "எங்கு வேண்டுமானாலும்" என்று இருக்கிறது. சென்னை, ஓசூர் என்று போடுங்கள். நோட்டீஸ் காலத்தில் 15 நாளுக்குள் என்பதைத் தேர்ந்தெடுங்கள். தலைப்பு வரியில் "மெக்கானிக்கல் இன்ஜினியர், வேலை தேடுகிறேன்" என்பதை எடுத்துவிட்டு, குவாலிட்டி இன்ஸ்பெக்டர், சிஎன்சி மெஷின்ட் பார்ட்ஸ், இன்-பிராசஸ், மைக்ரோமீட்டர் என்று உங்கள் வேலையின் சொற்களை வையுங்கள். வாரம் இரண்டு முறையாவது உள்ளே போய் ஏதாவது ஒரு வரியைத் திருத்திச் சேமியுங்கள். விளம்பரத்தில் அவர்கள் "இன்கமிங் இன்ஸ்பெக்‌ஷன்" என்று எழுதியிருந்தால், நீங்களும் அதைச் செய்திருந்தால், அதே சொல்லை ரெஸ்யூமில் போடுங்கள். ஒரு ரெஸ்யூமை 150 இடத்துக்கு அனுப்புவதைவிட, 15 இடத்துக்கு 15 விதமாகத் திருத்தி அனுப்பலாம்.

ஆனால் நேராகச் சொன்னால், நான் எடுத்த ஆட்களில் நிறையப் பேர் இணையத்திலிருந்து வரவில்லை, ஆள் சொல்லித்தான் வந்தார்கள். "எனக்கு யாரையும் தெரியாதே" என்பீர்கள். தெரியும். கோவையில் உங்கள் கேஜ்களைக் காலிப்ரேஷனுக்கு (அளவு சரியாகக் காட்டுகிறதா என்ற சோதனைக்கு) எடுத்துப்போக வருடா வருடம் ஒருவர் வருவார், ஞாபகம் இருக்கிறதா? அவர் மாதத்துக்கு 20 கம்பெனி ஏறி இறங்குகிறார். எந்தக் கம்பெனியில் குவாலிட்டி ஆள் போய்விட்டான், எங்கே புது லைன் போடுகிறார்கள் என்று ஹெச்ஆருக்குத் தெரிவதற்கு முன்னால் அவருக்குத் தெரியும். இன்சர்ட் விற்க வருகிற சேல்ஸ்மேன், மெஷின் சர்வீஸ் இன்ஜினியர் இவர்களும் அப்படித்தான். கூட வேலை பார்த்து ஓசூருக்கோ ஒரகடத்துக்கோ போனவர்கள், கல்லூரி சீனியர்கள் அதற்கு அடுத்து. இவர்களுக்கு "வேலை இருந்தா சொல்லுங்க அண்ணா" என்று அனுப்பினால் "கண்டிப்பா தம்பி" என்று பதில் வரும், அத்தோடு முடிந்தது. அவர் அப்படியே ஃபார்வேர்ட் செய்யக்கூடிய மாதிரி எழுதுங்கள்:

"அண்ணா வணக்கம். கோவையில் உங்கள் லேபுக்கு கேஜ் கொடுத்து வாங்கிக்கொண்டிருந்தவன் நான். சிஎன்சி பார்ட்ஸ் இன்ஸ்பெக்‌ஷனில் 14 மாதம் இருந்தேன், இப்போது ஊரில் இருக்கிறேன். ஓசூர், சென்னை பக்கம் குவாலிட்டியில் ஆள் கேட்டால் இந்த ரெஸ்யூமை அனுப்பிவிடுங்கள். ஒரு வாரத்தில் சேர முடியும்."

இவ்வளவு போதும். 10 நாள் கழித்து ஒரே ஒரு முறை ஞாபகப்படுத்துங்கள். தினமும் குட் மார்னிங் படம் அனுப்பாதீர்கள்.

அரசு வழிகளையும் விட்டுவிட வேண்டாம். விருதுநகர் மாவட்ட வேலைவாய்ப்பு மற்றும் தொழில்நெறி வழிகாட்டும் மையத்தில் தனியார் துறை வேலைவாய்ப்பு முகாம் நடத்துகிறார்கள், நுழைவுக்குக் காசு இல்லை. தமிழக அரசின் தனியார் துறை வேலைவாய்ப்பு இணையதளத்திலும் இலவசமாகப் பதியலாம். பெரிய முகாம்களில் கூட்டம் அள்ளும், நிறைய ஸ்டால்களில் பிபிஓவும் சேல்ஸும்தான் இருக்கும். காலை முதல் ஆளாகப் போய், உற்பத்தி நிறுவனங்களின் ஸ்டால்களை மட்டும் பார்த்துவிட்டு மதியத்துக்குள் திரும்பிவிடுங்கள். தூத்துக்குடியில் வின்ஃபாஸ்ட் கார் ஆலை 2025 ஆகஸ்டில் திறந்திருக்கிறது, உங்கள் ஊரிலிருந்து அது ஓசூரைவிடப் பக்கம். தேடும் ஊர்ப் பட்டியலில் அதையும் சேருங்கள். ஒரு பெரிய ஆலையை மட்டும் பார்க்காமல் அதைச் சுற்றி வரும் சப்ளையர்களையும் பாருங்கள்.

உங்கள் மெயிலில் அப்ரன்டிஸ் பற்றியும் கேட்டிருந்தீர்கள். 1961ஆம் ஆண்டு அப்ரன்டிஸ் சட்டத்தின் கீழ் பட்டதாரிகளுக்கு ஒரு வருடப் பயிற்சி உண்டு, தென்மாநிலங்களுக்கான வாரியம் சென்னை தரமணியில் இருக்கிறது. ஆனால் ஒரு வருடமோ அதற்கு மேலோ வேலை அனுபவம் உள்ளவர்கள் அதில் சேர முடியாது. உங்களுக்கு 14 மாதம் ஆகிவிட்டது, அந்தக் கதவு மூடிவிட்டது. இந்த வருடம் முடிக்கிற உங்கள் ஜூனியர்களுக்குச் சொல்லுங்கள், பெரிய ஆலைக்குள் நுழைய அவர்களுக்கு அது நல்ல வழி.

பணம் கேட்ட கன்சல்டன்சி விஷயம். நேர்மையான கன்சல்டன்சி ஆள் எடுக்கும் கம்பெனியிடம்தான் பணம் வாங்குவார். உங்களிடம் ரெஜிஸ்ட்ரேஷன், டிரெய்னிங் கிட், திருப்பித் தரப்படும் டெபாசிட் என்று எந்தப் பெயரில் கேட்டாலும் போனை வைத்துவிடுங்கள். ஒரிஜினல் சான்றிதழை யார் கேட்டாலும் சரிபார்க்கக் காட்டுங்கள், கொடுத்துவிட்டு வராதீர்கள். வெளிநாட்டு ஆசை இருந்தால் இரண்டு மடங்கு கவனம். 2022இல் தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை என்று அழைத்துப்போகப்பட்ட நம் பிள்ளைகள் எல்லை தாண்டி மியான்மரின் மியாவாடியில் அடைக்கப்பட்டு, இணைய மோசடி வேலை செய்யச் சொல்லி வதைக்கப்பட்டார்கள். வெளியுறவுத் துறையே எச்சரிக்கை விட வேண்டியிருந்தது. ஏஜென்ட்டுக்குப் பதிவு இருக்கிறதா என்பதை அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பார்க்க முடியும். பார்க்காமல் பாஸ்போர்ட்டைக் கையில் கொடுக்காதீர்கள்.

இன்டர்வியூவுக்கு ஆங்கிலம் வராதே என்ற பயம் எல்லோருக்கும் இருக்கிறது. "உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்பதற்கு மட்டும் 4 வாக்கியம் ஆங்கிலத்தில் தயார் செய்துகொள்ளுங்கள். ஊர், பள்ளி, குடும்பம் என்று போகாமல் நேராக பாகம், மெஷின், கருவி என்று போங்கள். ஷாப் ஃப்ளோர் பேனலில் இரண்டாவது கேள்வியிலேயே பெரும்பாலும் தமிழுக்கு வந்துவிடுவோம். நான் மேஜையில் எப்போதும் ஒரு மைக்ரோமீட்டரும் ஒரு ஷாஃப்ட் துண்டும் வைத்திருப்பேன். "அளந்து சொல்லுப்பா" என்று நீட்டுவேன். மைக்ரோமீட்டரைத் துடைத்து, ஜீரோ பார்த்துவிட்டு அளக்கிறவன் ஒரு ரகம். எடுத்ததும் திருகி இறுக்கிப் பிடித்து எண்ணைப் படிக்கிறவன் இன்னொரு ரகம். இரண்டாமவன் சரியான அளவையே சொன்னாலும் எனக்கு மனசு வராது. டிராயிங் கொடுப்பார்கள், டாலரன்ஸ் கேட்பார்கள், 5 வை அனாலிசிஸ் (ஏன், ஏன் என்று 5 முறை கேட்டு மூலகாரணம் தேடுவது) கேட்பார்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்லிவிடலாம். குவாலிட்டியில் அளக்காததை அளந்தேன் என்று எழுதுகிறவன்தான் ஆபத்தானவன், எங்கள் பயம் முழுக்க அவன் மேல்தான்.

சம்பளப் பேச்சு. வருடத்துக்கு 3 லட்சம் சிடிசி (கம்பெனி உங்களுக்காகச் செய்யும் மொத்தச் செலவு) என்றால் மாதம் 25,000 கைக்கு வரும் என்று வீட்டில் சொல்லிவிடாதீர்கள். பேசிக் 12,500 என்று வைத்துக்கொண்டால், கம்பெனி பங்கு பிஎஃப் 1,500ம் கிராஜுவிட்டி சுமார் 600ம் அந்த 25,000க்குள்ளேயே அடக்கம். உங்கள் பங்கு பிஎஃப் 1,500 இன்னும் பிடிப்பார்கள். கையில் 21,400 சொச்சம். அதில் கேன்டீன், பஸ் பிடித்தம் உண்டா என்று கேளுங்கள். அதைவிட முக்கியம், கம்பெனி ரோலா கான்ட்ராக்ட் ரோலா என்று ஆஃபர் லெட்டரில் யார் பெயர் இருக்கிறது என்று பார்ப்பது. ஆலை வாசலில் பெரிய பெயர் தொங்கும், லெட்டரில் யாரோ ஒரு மேன்பவர் ஏஜென்சி இருக்கும். கான்ட்ராக்ட்டில் சேரவே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன், 9 மாதம் வீட்டில் இருந்தவருக்கு உள்ளே நுழைய அது ஒரு வழிதான். தெரிந்து சேருங்கள்.

சின்னதாக இன்னொன்று. உங்கள் நம்பருக்கு ஒருமுறை கூப்பிட்டுப் பார்த்தேன். காலர் டியூன் ஒரு நிமிடம் பாடியது, எடுக்கவில்லை, திரும்பக் கூப்பிடவும் இல்லை. தெரியாத நம்பர் என்று விட்டிருப்பீர்கள். ஹெச்ஆர் பெண்கள் 10 பேர் பட்டியலை வைத்துக்கொண்டு காலை 10.30க்கு மேல் வரிசையாகக் கூப்பிடுவார்கள். எடுக்காதவர் பெயருக்குப் பக்கத்தில் ஒரு கோடு, அடுத்த ஆள். 150 விண்ணப்பத்துக்கு 2 போன்தான் வந்தது என்கிறீர்களே, அதில் எத்தனை போன் இப்படிப் போனதோ. காலர் டியூனை எடுத்துவிட்டு, இந்த 2 மாதத்துக்கு எந்த நம்பர் வந்தாலும் எடுங்கள்.

அந்தக் கன்சல்டன்சிக்காரர் "3 வருட அனுபவம் போட்டுத் தருகிறேன்" என்றாராமே, அதற்கும் பதில் சொல்லிவிடுகிறேன். உங்கள் பிஎஃப் கணக்கின் யுஏஎன் நம்பரில் எந்தக் கம்பெனியில் எந்தத் தேதி சேர்ந்தீர்கள், எப்போது வெளியே வந்தீர்கள் என்று எல்லாம் கிடக்கிறது. சரிபார்க்கிறவர்கள் அதைத்தான் முதலில் கேட்பார்கள். போலிக் கடிதத்தோடு சேர்ந்து 4 மாதம் கழித்து வெளியே போனவர்களை எனக்குத் தெரியும். உங்கள் கணக்கில் வேறொரு வேலை பாக்கி இருக்கலாம். சின்ன யூனிட்காரர்கள் பல பேர் ஆள் போன பிறகு பிஎஃப் தளத்தில் வெளியேறிய தேதியைப் போடுவதே இல்லை, புதுக் கம்பெனி பார்த்தால் இன்னும் நீங்கள் கோவையில் வேலையில் இருப்பது போலவே காட்டும். கடைசிப் பங்களிப்பிலிருந்து 2 மாதம் ஆகிவிட்டால், ஆதார் ஓடிபி வைத்து அந்தத் தேதியை நீங்களே போட்டுக்கொள்ளலாம். உங்களுக்கு 9 மாதம் ஆகிவிட்டது. ரெஸ்யூமைத் திருத்த உட்காருவதற்கு முன்னால், உள்ளே போய் அதைப் பார்த்துவிடுங்கள். ரெஸ்யூமில் போடுகிற தேதியும் அதுவும் ஒன்றாக இருக்கட்டும். திருத்தியதும் எனக்கு ஒரு பிரதி அனுப்புங்கள், ஞாயிற்றுக்கிழமை பார்த்துச் சொல்கிறேன்.